பளபளப்பு சான்றிதழ் அல்ல

இன்று கொஞ்சம் காரமாகவே எழுதுகிறேன், யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

புது நகை வாங்கும்போது நம் பெருமுக்கல், மரக்காணம் பக்கம் எல்லோரும் கெட்டிக்காரர்கள். 916 இருக்கிறதா, ஆறு இலக்க ஹெச்.யு.ஐ.டி. இருக்கிறதா, சேதாரம் எவ்வளவு என்று துருவிக் கேட்கிறீர்கள். அதே மோதிரத்தைச் சின்னதாக்கவோ பெரிதாக்கவோ கொடுக்கும்போது மட்டும் வாய் மூடிக்கொள்கிறது. எடை போடுவதில்லை, ரசீது வாங்குவதில்லை. திரும்பி வந்ததும் "புதுசு மாதிரி மின்னுது" என்று போட்டுக்கொண்டு வந்துவிடுகிறீர்கள்.

மின்னுவது மெருகு. வேலையின் தரம் வேறு. ஹால்மார்க் முத்திரையும் அது குத்தப்பட்ட நாளில் இருந்த நகைக்குத்தான். பிறகு வெட்டிப் பற்றவைத்த இடத்துக்கு அது ஜாமீன் நிற்காது.

ஏழாம் வகுப்பில் போட்ட வட்டக் கணக்கை நினைத்துப் பாருங்கள். உள்விட்டம் 18 மில்லிமீட்டர் உள்ள மோதிரத்தை 17 ஆக்கினால், சுற்றளவில் 3 மில்லிமீட்டருக்கு மேல் குறையும். 4 கிராம் கல்லில்லாத மோதிரம் என்றால் சுமார் 200 மில்லிகிராம் தங்கம் வெளியே வரும். அந்தத் துண்டு உங்களுடையது. இன்றைய விலையில் நீங்களே பெருக்கிப் பாருங்கள். கூலியில் ஐம்பது ரூபாய் குறைக்க அரை மணி நேரம் பேரம் பேசுகிறவர்கள் இந்தத் துண்டைக் கேட்பதே இல்லை!

பெரிதாக்குவதில் வேறு சங்கதி. வெட்டித் துண்டு வைக்காமல் இழுத்தே பெரிதாக்கலாம். எடை மாறாது, தராசு எதுவும் சொல்லாது. ஆனால் வளையம் மெலிந்துவிடும். கொஞ்சம் இழுத்தால் பரவாயில்லை. அதிகம் வேண்டுமென்றால் அதே கேரட் துண்டு வைத்துத்தான் பற்றவைக்க வேண்டும். என்ன கேரட், எத்தனை மில்லிகிராம் என்று ரசீதில் எழுதி வாங்குங்கள்.

பற்றுப்பொடி நகைக்கு முன்னால் உருக வேண்டும் என்பதால் அதில் வேறு உலோகம் கலந்தே இருக்கும். அது குற்றமில்லை, அள்ளிப் பூசுவதுதான் குற்றம். லென்ஸ் வைத்துப் பாருங்கள். பற்றிய இடத்தில் வெளிறிய கோடு, ஊசித் துளை, பள்ளம் இருக்கக் கூடாது. உள்பக்கம் நகத்தால் தடவினால் தட்டக் கூடாது. கல் வைத்த மோதிரத்தைக் காதருகே ஆட்டினால் சத்தம் வரக் கூடாது. "கே.டி.எம். பற்று" என்று பெருமை பேசினால் மயங்காதீர்கள். அது காட்மியம். அந்தப் புகை பட்டறையில் உட்கார்ந்திருப்பவரின் நுரையீரலை அரிக்கும். மெருகு போடக் கொடுத்தாலும் முன்னும் பின்னும் எடை பாருங்கள். தங்கத்தையே கரைக்கும் திராவகம் உண்டு.

"தெரிந்த ஆசாரி, கேட்டால் தப்பாக நினைப்பாரே" என்கிறீர்கள். நல்ல ஆசாரி தராசைத் தானே முன்னால் நகர்த்துவார். கேள்வி கேட்பதால் அவருக்கு மரியாதை குறையாது, யோக்கியமாகச் செய்யாதவரிடமிருந்து அவர் தனித்துத் தெரிவார். கேட்கிற நாம் கூலியையும் நியாயமாகக் கொடுக்க வேண்டும். கண்ணும் கையும் நோகச் செய்யும் வேலைக்குப் பிச்சைக்காசு நீட்டிவிட்டு, பொடியில் ஈடுகட்டிவிட்டார் என்று புலம்புவது என்ன நியாயம்?

இது நமக்கு அலங்காரப் பிரச்சினை இல்லை. வடகிழக்குப் பருவமழை வந்தால் உப்பளத்தில் வேலை நின்றுவிடும். அந்த மாதங்களில் பல வீடுகளுக்கு விரலிலும் காதிலும் இருப்பதுதான் வங்கி. அடகு வைக்கும் இடத்தில் மதிப்பீட்டாளர் மெருகுக்குப் பணம் தரமாட்டார். உரைகல்லில் உரசி, கல்லுக்கும் பற்றுக்கும் கழித்துத்தான் கணக்குப் போடுவார். பட்டறையில் நாம் விட்ட கவனக்குறைவு அங்கேதான் வெளியே வரும், அதுவும் அடுப்பெரியாத நாளில்.

கூலி கொடுத்துச் செய்யும் பழுதுவேலையும் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைதான். குறை இருந்தால் 1915 என்ற எண்ணில் சொல்லலாம். ஆனால் ரசீது இல்லாத வாய்க்கு வலிமை குறைவு.

ஆகவே, கொடுக்கும்போது எடை, வாங்கும்போது எடை, வெட்டிய துண்டு, ரசீது. இந்த நான்கையும் கேட்க வெட்கப்படாதீர்கள். வகுப்பில் சந்தேகம் கேட்டதற்காக உங்களில் யாரையும் நான் திட்டியதில்லை. கடையிலும் யாரும் திட்டமாட்டார்கள். திட்டினால் நகையைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள்.