அஞ்சவேண்டியது எந்த மகனுக்காக?

2024 ஏப்ரல் 21ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. தியத்தலாவையில் பொக்ஸ் ஹில் சுப்பர் குரொஸ் மோட்டார் பந்தயம் நடந்துகொண்டிருந்தது. 2019ஆம் ஆண்டுக்குப் பின்னர் நீண்ட இடைவெளி விட்டு மீண்டும் நடத்தப்பட்ட பந்தயம் அது. புத்தாண்டு விடுமுறைக் காலம் என்பதால் ஆயிரக்கணக்கானோர் குடும்பம் குடும்பமாக வந்து ஓடுபாதையின் ஓரத்தில் நின்றார்கள். பந்தயத்தின் நடுவே ஒரு கார் கவிழ்ந்தது. வேகத்தைக் குறைக்குமாறு அதிகாரிகள் மஞ்சள் விளக்குகளைக் காட்டி எச்சரித்ததாகவும், ஆனாலும் கார்கள் தொடர்ந்து ஓடியதாகவும், சிவப்பு நிறக் கார் ஒன்று பாதையை விட்டு விலகிக் கூட்டத்துக்குள் பாய்ந்ததாகவும் இராணுவப் பேச்சாளர் பின்னர் தெரிவித்தார். ஏழு பேர் மாண்டனர். அவர்களில் நால்வர் பந்தயத்துக்கு உதவ நின்ற பணியாளர்கள். ஒருத்தி எட்டு வயதுச் சிறுமி. இருபதுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர்.

அன்றிலிருந்து பதுளை மாவட்டத்து வீடுகளில் 'ரேஸ்' என்ற சொல்லுக்கு வேறொரு பொருள் வந்துவிட்டது. அந்தச் சொல் காதில் விழுந்தாலே தாய்மார்கள் முகம் மாறுகிறார்கள். அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் அந்த அச்சம் போகவேண்டிய திசையில் போகிறதா என்பதுதான் என் கேள்வி.

ஹாலிஎலப் பக்கத்துத் தோட்டப் பாடசாலையொன்றில் நெடுங்காலம் கற்பித்து ஓய்வு பெற்றவர் என் நண்பர். அவருக்கு இரண்டு ஆண்பிள்ளைகள். மூத்தவர் இங்கிலாந்தில் வேலை செய்கிறார். இளையவர் பதுளை நகரில் கைத்தொலைபேசிக் கடை வைத்திருக்கிறார். மூத்தவர் தமது சொந்தக் காரை எடுத்துக்கொண்டு ஒரு சனி, ஞாயிறு முழுவதும் பந்தயத் தடமொன்றில் ஓட்டப் போகிறார் என்று அறிந்ததும் நண்பர் பதறிப்போய் என்னை அழைத்தார். "தியத்தலாவையில் நடந்ததைப் பார்த்த பிறகுமா இந்த ஆசை? நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள், உங்கள் பேச்சையாவது கேட்பான்" என்றார்.

நான் பிள்ளையுடன் பேசினேன். தடுப்பதற்காக அல்ல, அது என்னவென்று அறிந்துகொள்வதற்காக. பத்திரிகைக்காரனுக்கு முதலில் கேட்டுத்தான் பழக்கம். போய்வந்த பின்னரும் அவர் விரிவாகச் சொன்னார். அவர் சொன்னவற்றை, அத்துறை பற்றி நான் படித்தறிந்தவற்றோடு சேர்த்து இங்கே தருகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். அவர் போனது பந்தயத்துக்கு அல்ல. 'ட்ராக் டே' என்று அங்கே அழைக்கப்படும் இந்த ஓட்ட நாட்களில் போட்டி கிடையாது, பரிசு கிடையாது, முதலிடம் என்பதே கிடையாது. சுற்றுக்கு எத்தனை விநாடி என்று கணக்கிடுவதற்கும் தடை. ஓடுபாதையின் விளிம்பில் வேடிக்கை பார்க்க எவரையும் நிற்கவிடுவதில்லை. கட்டணம் செலுத்தி, சாரதி அனுமதிப்பத்திரத்தைக் காட்டி, அன்றாடம் வேலைக்குப் போகும் அதே காரிலேயே எவரும் கலந்துகொள்ளலாம். ஜேர்மனியின் நூர்பர்க்ரிங் தடம் 1927இல் திறக்கப்பட்ட காலத்திலிருந்தே பொதுமக்கள் கட்டணம் செலுத்தித் தம் சொந்த வாகனத்தை அங்கு ஓட்டி வருகிறார்கள். ஆகவே இது நேற்று முளைத்த மோகமும் அல்ல.

காலையில் முதல் வேலை, கட்டாய விளக்கக் கூட்டம். அதற்கு வராதவர் தடத்தில் இறங்க முடியாது. கொடிகள்தான் அங்கே முதற்பாடம். மஞ்சள் என்றால் முன்னே ஆபத்து. வேகத்தைக் குறை, எவரையும் முந்தாதே. சிவப்பு என்றால் ஓட்டம் நிறுத்தப்பட்டது. மெதுவாகத் திரும்பி வா. நீலம் என்றால் உன் பின்னால் வேகமான வாகனம் வருகிறது, வழிவிடு. கறுப்பு உனக்கென்றே காட்டப்பட்டால், உன்னிடமோ உன் வண்டியிலோ ஏதோ பிழை, உள்ளே வா. முந்துவது நேரான பாதையில் மட்டும், அதுவும் முன்னே போகிறவர் சைகை காட்டி வழிவிட்டால் மட்டும். மஞ்சள் கொடியை மதிக்காதவர் வீட்டுக்கு அனுப்பப்படுவார், கட்டிய பணமும் திரும்பாது.

அடுத்தது வாகனம். காருக்குள் கிடக்கும் தண்ணீர்ப் போத்தல் முதல் குழந்தையின் விளையாட்டுச் சாமான் வரை அனைத்தையும் வெளியே எடுக்க வேண்டும். பிரேக் மிதிக்கு அடியில் ஒரு போத்தல் உருண்டால் போதும், உயிர் போய்விடும். சில்லுகளின் நட்டுகளை இறுக்கிப் பார்க்க வேண்டும். ஓட ஓட டயர் சூடேறி உள்ளேயுள்ள காற்றழுத்தம் உயரும் என்பதால் அதை அடிக்கடி அளக்க வேண்டும். பழைய பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சியிருக்கும். சூட்டில் அது கொதித்தால் பிரேக் மிதி பஞ்சுபோல் உள்ளே போகும், வண்டி நிற்காது. அதனால் போவதற்கு முன் எண்ணெயை மாற்றியாக வேண்டும். வழமையான காப்புறுதி இத்தகைய நாட்களுக்குச் செல்லாது. கார் நொறுங்கினால் நட்டம் சொந்தக்காரருடையது. இதையெல்லாம் அறிந்து கையெழுத்திட்ட பிறகுதான் தலைக்கவசம்.

முதல் சுற்றுகள் வழிகாட்டிக் காரின் பின்னால், எவரும் எவரையும் முந்தாமல். பிறகு பக்கத்து ஆசனத்தில் ஒரு பயிற்றுநர் ஏறுகிறார். வேகமாக ஓட்டக் கற்றுத்தருவார் என்று எண்ணிப் போன பிள்ளைக்கு அவர் முதலில் கற்றுத் தந்தது பிரேக் பிடிக்க. முடக்குக்குள் நுழைந்த பிறகு பிரேக் மிதிக்காதே. சில்லுகள் நேராக இருக்கும்போதே மிதித்து, வேகத்தைக் குறைத்து, பிறகு திருப்பு. காரின் மூக்கைப் பார்க்காதே. போகவேண்டிய இடத்தைப் பார். ஸ்டியரிங்கை வெடுக்கென்று இழுக்காதே. இருபது நிமிடம் ஓடினால் ஓய்வு. கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டிப் பிரேக்கை ஆறவிடு. வண்டியை நிறுத்தியதும் சூட்டோடு கைப்பிரேக் போடாதே. இரண்டாம் நாள் பிற்பகலில் களைப்பு வரும், கூடவே 'எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது' என்ற எண்ணமும் வரும். அப்போது நிறுத்திக்கொள்பவனே கெட்டிக்காரன் என்றாராம் பயிற்றுநர்.

"மாமா, பத்து வருடமாகக் கார் ஓட்டுகிறேன். பிரேக்கை முழுப் பலத்தோடு மிதித்தால் என் கார் எத்தனை தூரத்தில் நிற்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது" என்றார் அந்தப் பிள்ளை. இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இக்கட்டுரையை எழுத உட்கார்ந்தேன்.

ஏனெனில் நம்மில் எத்தனை பேருக்கு அது தெரியும்? வேகம் இரண்டு மடங்கானால் நிற்கத் தேவையான தூரம் ஏறத்தாழ நான்கு மடங்காகும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. மணிக்கு எண்பது கிலோமீற்றர் வேகத்தில் போகும் வாகனம் ஒரே விநாடியில் இருபத்திரண்டு மீற்றரைக் கடந்துவிடும். இந்தக் கணக்கைக் கால் அறிந்திருக்க வேண்டும். மூளை மட்டும் அறிந்தால் போதாது. நமது ஊவா மாகாண வீதிகளோ அதைக் கற்றுக்கொள்ள இரண்டாவது வாய்ப்புத் தருபவை அல்ல. ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் பள்ளம். 2021 மார்ச் 20ஆம் திகதி பசறை 13ஆம் கட்டைப் பகுதியில், பாறை விழுந்து குறுகிக் கிடந்த இடத்தில், லுணுகலையிலிருந்து கொழும்புக்குப் போன பேருந்து பள்ளத்தில் வீழ்ந்து பன்னிரண்டுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2025 செப்டெம்பர் 4ஆம் திகதி இரவு எல்ல – வெல்லவாய வீதியில், சுற்றுலா வந்து திரும்பிக்கொண்டிருந்த தங்காலை நகரசபை ஊழியர்களின் பேருந்து பாதுகாப்பு வேலியை உடைத்துக்கொண்டு கீழே பாய்ந்ததில் பதினைந்து பேர் மாண்டனர். ஒவ்வொரு விபத்துக்கும் வெவ்வேறு காரணங்கள் உண்டு. பயிற்சியிருந்தால் எல்லாம் தவிர்ந்திருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. இந்த மலைச்சரிவில் இறங்கும் ஒரு சாரதிக்கு, கியரைக் குறைத்து இயந்திரத்தாலேயே வண்டியைப் பிடித்து நிறுத்தவும், சூடேறிய பிரேக் தளரும் அறிகுறியை உணரவும் எவர், எங்கே கற்பிக்கிறார் என்றே கேட்கிறேன்.

இப்போது இளைய மகனிடம் வருகிறேன். அவரும் வண்டிப் பித்துள்ளவர்தான். லீசிங்கில் எடுத்த பழைய யப்பானியக் கார். மாதத் தவணையில் அம்மாவின் சேமிப்பும் கரைகிறது. இரவு கடையைச் சாத்திய பின் நண்பர்களோடு பதுளையிலிருந்து பண்டாரவளைக்கு ஏறுகிறார். கைத்தொலைபேசியில் நேரம் பிடிக்கிறார்கள். நேற்று இத்தனை நிமிடம், இன்று இத்தனை. தலைக்கவசம் இல்லை, பயிற்றுநர் இல்லை, மஞ்சள் கொடி காட்ட ஆளில்லை. எதிரே மரக்கறி லொறி வரலாம். வேலை முடிந்து லயத்துக்கு நடந்து போகும் ஒரு தாய் வரலாம். இதை எனக்குச் சொன்னவர் அண்ணன்தான். எழுதலாமா என்று இருவரிடமும் கேட்டுவிட்டேன், தந்தைக்கும் தெரிவித்தாகிவிட்டது.

ஒரே வீட்டில் பிறந்த இருவருக்கும் ஒரே ஆசை. ஒருவருக்கு அதை அடக்கியாள ஓர் இடம் கிடைத்தது. மற்றவருக்குக் கிடைத்தது பொதுவீதி. தந்தையோ அஞ்சவேண்டிய மகனை விட்டுவிட்டு மற்ற மகனுக்காக அஞ்சிக்கொண்டிருந்தார். நண்பரைக் குறை சொல்லவில்லை. நம் சமூகமே அப்படித்தான் அஞ்சுகிறது.

மலையகத்தில் மோட்டார் விளையாட்டு புதிதல்ல. நுவரெலியாவின் மஹகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் 1934இல் தொடங்கியது. அது துரைமார் காலம். கார் அவர்களுடையது, வேகம் அவர்களுடையது. நம் பாட்டன்மார் ஓரத்தில் நின்று வேடிக்கை பார்த்தவர்கள். இன்று நம் பிள்ளைகள் கையிலும் கார்ச் சாவி இருக்கிறது. ஆனால் ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்து முறையாகக் கற்கும் இடம் மட்டும் இன்னும் அவர்களுக்கு வந்து சேரவில்லை. இன்றும் பந்தயம் என்றால் நமக்கு ஓரத்தில் நிற்கும் இடம்தான். அந்த ஓரம் எவ்வளவு ஆபத்தானது என்பதைத் தியத்தலாவை காட்டிவிட்டது.

தடை செய்துவிட்டால் போயிற்று என்பார்கள் சிலர். 1955 ஜூன் 11ஆம் திகதி பிரான்சின் லெ மான் பந்தயத்தில் ஒரு கார் பார்வையாளர் மீது பாய்ந்து எண்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது, சுவிட்சர்லாந்து தன் நாட்டில் வட்டத்தடப் பந்தயங்களையே பல பத்தாண்டுகளுக்குத் தடை செய்தது. மற்ற நாடுகள் பார்வையாளரைத் தள்ளி நிறுத்தின, தடுப்புச் சுவர்களை உயர்த்தின. எது சரியென்று வாதிடலாம். ஆனால் பந்தயத்தைத் தடைசெய்யும் எந்தச் சட்டமும் நள்ளிரவில் பண்டாரவளை வீதியில் நேரம் பிடிக்கும் இளைஞனைத் தொடாது.

இன்னொரு மறுப்பும் வரும். சம்பள உயர்வுக்கே போராடும் தோட்டத்து மக்களுக்கு இது என்ன ஆடம்பரம்? நியாயமான கேள்வி. நான் கேட்பது கோடிக்கணக்கில் செலவாகும் பந்தயத் தடமல்ல. சென்னைக்கு அருகே சோழவரத்திலும், நம் நாட்டில் கட்டுக்குருந்தையிலும் மோட்டார் ஓட்டங்கள் வளர்ந்தது கைவிடப்பட்ட போர்க்கால விமான ஓடுபாதைகளில்தான். பிரேக் பிடிக்கக் கற்பிக்க அதுகூட வேண்டியதில்லை. தாரிட்ட சமதரை, சில கூம்புகள், தரையை நனைக்க ஒரு தண்ணீர்த் தாங்கி, தகுதியுள்ள பயிற்றுநர்கள், ஓர் அம்புலன்ஸ். மாதத்தில் ஒரு சனி, ஞாயிறு. இராணுவமும் மோட்டார் விளையாட்டுச் சங்கங்களும் ஆண்டுக்கொரு பந்தயத்துக்கு இவ்வளவு ஏற்பாடு செய்ய முடிந்தால், பார்வையாளரே இல்லாத பயிற்சி நாட்களையும் செய்ய முடியும். ஓட்டோ ஓட்டுபவர், தோட்ட லொறிச் சாரதி, பேருந்துச் சாரதி அனைவருக்கும் அதில் இடம் இருக்க வேண்டும். கட்டணம் அவர்கள் கொடுக்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

வெளிநாடுகளில் வாழும் நம் பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்வேன். முதன்முறையாகச் சொந்தக் காரோடு தடத்துக்குப் போவதானால் நான்கு கேள்விகளைக் கேட்டுவிட்டுப் போங்கள். கட்டாய விளக்கக் கூட்டம் உண்டா? பயிற்றுநர் கிடைப்பாரா? கொடியை மதிக்காதவரை உண்மையிலேயே வெளியேற்றுகிறார்களா? மருத்துவ ஏற்பாடு அங்கேயே இருக்கிறதா? ஒன்றுக்கு இல்லை என்று பதில் வந்தாலும் வீட்டிலேயே இருங்கள். நான்குக்கும் ஆம் என்றால் போய்வாருங்கள். திரும்பி ஊருக்கு வரும்போது, கற்றதைத் தம்பிமாருக்குச் சொல்லிக் கொடுங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை வேகத்தை விரும்புகிறான் என்றால் அதட்டி அடக்கிவிட்டதாக எண்ணி நிம்மதியாக உறங்காதீர்கள். அவன் எங்கே ஓட்டுகிறான் என்று கேளுங்கள். அவனுக்கு ஓர் இடம் கேட்டு உங்கள் பிரதேச சபை உறுப்பினரிடமும் பாராளுமன்ற உறுப்பினரிடமும் போங்கள். கோயிலுக்குக் கூரை கேட்கிறோம், விளையாட்டுக் கழகத்துக்குப் பந்து கேட்கிறோம். மலைவீதியில் உயிரோடு இறங்கிவரக் கற்றுக்கொள்ளும் ஒரு துண்டுத் தரையையும் அவர்களிடம் கேட்க வேண்டும்.