சொந்தக் கூரை வெயிலுக்குமா கட்டணம்?

கூரையில் சூரியத் தகடு போட்ட சிறுதொழில் பட்டறைகளிடம் யூனிட்டுக்கு 1 ரூபாய் 53 காசு நெட்வொர்க் கட்டணம் வசூலித்தார்கள். 2023 செப்டம்பர் 25-ல் தமிழ்நாடு முழுவதும் சிறுதொழில்கள் கதவடைத்த போராட்டத்தை ஒட்டி அதைப் பாதியாகக் குறைத்தார்கள். குறைத்ததோடு பிரச்சினை தீர்ந்தது என்று கோட்டையில் நினைத்துவிட்டதாகத் தெரிகிறது. தீரவில்லை. கேட்கவே கூடாத பணத்தில் பாதியை விட்டுக்கொடுப்பது சலுகை ஆகாது.

கட்டணம் எதன்மேல் விழுகிறது என்று பாருங்கள். மின்வாரியக் கம்பிக்குள் ஏற்றும் உபரி மின்சாரத்துக்கு மட்டும் கேட்டிருந்தால் பேசிப் பார்க்கலாம். கேட்பதோ தகடு உற்பத்தி செய்கிற ஒவ்வொரு யூனிட்டுக்கும். குருபரப்பள்ளியில் நெடுஞ்சாலை ஓரமாக ஒரு லேத் பட்டறை என்று வைத்துக்கொள்வோம். தகரக் கூரையில் 30 கிலோவாட் தகடு. அங்கிருந்து சுவரோரமாக இறங்கும் கேபிள் இன்வெர்ட்டருக்கு வந்து, பத்தடி தள்ளி இருக்கும் லேத்தைச் சுழற்றுகிறது. அந்த மின்சாரம் வாரியத்தின் கம்பத்தையும் தொடவில்லை, டிரான்ஸ்பார்மரையும் தொடவில்லை. ஆனாலும் கட்டணம் உண்டு. கிலோவாட்டுக்கு நாளொன்றுக்கு 4 யூனிட் என்றால் மாதம் 3,600 யூனிட். முழுக் கட்டணத்தில் அது 5,508 ரூபாய், பாதியில் 2,754 ரூபாய். கூலிக்கு ஜாப் ஒர்க் செய்து, பெரிய ஆலைகள் பில்லைத் தீர்க்கும்வரை மூன்று மாதம் காத்திருக்கும் பட்டறைக்காரருக்கு இது சின்னத் தொகை இல்லை. வங்கியில் வாங்கிய சோலார் கடனுக்குத் தவணை கட்ட அவர் நம்பியிருந்த பணம் இது. சொந்தக் கிணற்றில் இறைத்த தண்ணீருக்கு ஊர்க் குழாயின் வாடகையைக் கேட்பது போன்ற வேலை.

வெயில் இல்லாத நேரத்தில் வாரியத்தின் மின்சாரம்தானே தாங்குகிறது என்று வாதிடுகிறார்கள். தாங்குகிறது, உண்மைதான். அதற்குத்தான் நிலைக்கட்டணம் கட்டுகிறோம். 2022 செப்டம்பர்வரை கிலோவாட்டுக்கு 35 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம், ஒரே ஆணையில் பல பட்டறைகளுக்கு 150 ரூபாயைத் தொட்டது. காலையும் மாலையும் சேர்த்து எட்டு மணி நேரத்துக்கு உச்சநேரக் கட்டணம் வேறு. ஒரே காரணத்துக்கு எத்தனை முறைதான் பணம் கேட்பது?

இத்தனைக்கும், எரிசக்தியைச் சேமிக்கச் சொல்லி நிதி தருவதும் இதே அரசுதான். சிறுதொழில் துறையின் ‘பீஸ்’ திட்டத்தில் எரிசக்தித் தணிக்கைச் செலவில் 75 சதவீதமும், மின்சாரம் குறைவாக இழுக்கும் இயந்திரங்களின் விலையில் 50 சதவீதமும் உச்சவரம்புக்கு உட்பட்டு மானியம் உண்டு. நல்ல திட்டம், பாராட்டுகிறோம். ஆனால் ஒரு துறை மானியம் தந்து மின்செலவைக் குறைக்கச் சொல்லும்போது இன்னொரு துறை மின்கட்டண ரசீதில் புது வரி சேர்ப்பது, பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டுகிற கதைதான்.

அரசு சொல்வது ஒன்று, செய்வது ஒன்றாக இருப்பது இது முதல் முறையும் அல்ல. 2012 அக்டோபரில் சூரியசக்திக் கொள்கை வெளியிட்டு, 2015-க்குள் 3,000 மெகாவாட் என்றார்கள். அந்த ஆண்டு முடிந்தபோது இலக்கின் பக்கத்தில்கூட நாம் இல்லை. பெரிய நுகர்வோர் சூரிய மின்சாரம் வாங்கியே ஆகவேண்டும் என்று 2013-ல் போட்ட ஆணையை, 2014 ஜனவரியில் மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் ரத்து செய்தது. 2019-ல் மறுபடி ஒரு கொள்கை: 2023-க்குள் 9,000 மெகாவாட், அதில் 40 சதவீதம் நுகர்வோர் கூரைகளிலிருந்து. அந்தக் கூரைகள்மேல் நெட்வொர்க் கட்டணம் விதிக்கும் ஆணை 2021 அக்டோபரில் வந்தது. கொள்கைக்கும் ஆணைக்கும் நடுவே மூன்று ஆண்டுகூட இல்லை. கூரை இலக்கின் அருகில்கூட வராமல் 2023-ம் போய்விட்டது. இந்தத் தோல்விகளில் ஒன்றுக்காவது யாராவது பொறுப்பேற்றார்களா?

விவசாயியின் கதையும் இதேதான். 2021-22-ல் சூரியசக்தி பம்புசெட்டுக்கு 70 சதவீத மானியம் என்றார்கள். இப்போது பொதுப்பிரிவு விவசாயிக்கு 60. ஓசூரைத் தாண்டி கர்நாடகத்தில் மாநில அரசு தன் பங்கை 30-லிருந்து 50 சதவீதமாக உயர்த்தி, ஒன்றிய அரசின் 30-ஐயும் சேர்த்து 80 ஆக்கியது. ஆயிரம் அடி போர் போட்டும் தண்ணீர் காணாமல் தவிக்கும் சூளகிரி, வேப்பனப்பள்ளி விவசாயி இந்தக் கணக்கைத் தினமும் போட்டுப் பார்க்கிறார்.

2022 கட்டண உயர்வுக்கு முன் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டங்களைக் கோவை, மதுரை, சென்னையில் நடத்தினார்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பட்டறைக்காரர் பேசவேண்டும் என்றால் ஒருநாள் தொழிலை விட்டுவிட்டு அங்கே போகவேண்டும். எத்தனை பேரால் போக முடியும்? ஓசூரும் குருபரப்பள்ளியும் தொழில் முதலீட்டு மாநாட்டு மேடைகளில் மட்டும் நினைவுக்கு வரும் ஊர்கள் இல்லை. சிப்காட்டுக்கு நிலம் தந்தவர்கள், அங்குள்ள பெரிய ஆலைகளுக்கு உதிரிபாகம் செய்து தருபவர்கள் இங்கே இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்டுவிட்டு, சொந்த உபயோகத்துக்கான சூரிய மின்சாரத்தின் மீதுள்ள இந்தக் கட்டணத்தை முழுமையாக எடுக்க வழி காணுங்கள். வாரியத்தின் நஷ்டத்தை ஈடுகட்ட வேறு இடம் தேடுங்கள். இன்னொரு பாதிக் குறைப்பு அறிவிப்போடு எங்களிடம் வராதீர்கள்.