ஃபினி அணைக்காம விட்ட சுடர்

இத்தாலி அரசியல்னா பெர்லுஸ்கோனி கூத்தைப் பேசிட்டு நிறுத்திக்குவோம். எனக்கென்னவோ அவர் பக்கத்துல நின்ன ஜியான்ஃப்ராங்கோ ஃபினிதான் கவனிக்க வேண்டிய ஆளாத் தெரியறார்.

ஜான் வெய்ன் நடிச்ச ஒரு வியட்நாம் போர்ப் படத்துக்குப் போனப்ப இடதுசாரிப் பசங்க தியேட்டர் வாசல்ல மறிச்சாங்களாம். அந்தக் கடுப்புலதான் எம்.எஸ்.ஐ. பக்கம் போனாராம். (கொள்கைப் பிடிப்பைப் பாருங்க!) முசோலினி ஆட்சியோட மிச்சசொச்ச ஆட்கள் 1946ல ஆரம்பிச்ச கட்சி அது. மூவர்ணத் தீச்சுடர்தான் சின்னம். 1987ல அதுக்குத் தலைவரானார். 1994ல கூட்டணி ஆட்சி அமைஞ்ச நேரத்துலகூட, இந்த நூற்றாண்டின் மாபெரும் ராஜதந்திரி முசோலினின்னு பேட்டி கொடுத்தவர்.

1995ல ஃபியூஜி மாநாட்டுல கட்சிக்கு 'தேசியக் கூட்டணி'ன்னு புதுப் பேர் வந்துச்சு. 2003ல ஜெருசலேம் போய், யூதர்களுக்கு எதிரான 1938ம் வருஷத்து இனச் சட்டங்களைக் கேவலம்னு கண்டிச்சார். முசோலினி பேத்தி அலெஸ்ஸாண்ட்ரா கோவிச்சுக்கிட்டு கட்சியை விட்டே போயிட்டாங்க.

எல்லாம் நாற்காலிக்குப் போட்ட வேஷம்னு சொல்றவங்க உண்டு. நான் முழுசா ஒத்துக்க மாட்டேன். குடியேறியவங்களுக்கு உள்ளாட்சித் தேர்தல்ல ஓட்டு கொடுக்கலாம்னு அதே 2003ல சொன்னார். அதைச் சொல்லி அவர் கட்சிக்காரங்ககிட்ட என்ன கைத்தட்டலா வாங்க முடியும்? ஆனா வேலை ஒப்பந்தம் இருந்தாத்தான் தங்க அனுமதின்னு 2002ல வந்த போஸ்ஸி-ஃபினி சட்டத்துல இருக்கறதும் இவர் பேர்தான். பேச்சு காத்தோட போச்சு, சட்டம் நின்னுடுச்சு.

என்னோட குறை வேற. மாற்றம் எல்லாம் மேடையில இவர் வாயிலிருந்துதான் வந்துச்சு. கிளைக் கழகத்துல உக்காந்து யாரும் சண்டை போட்டுப் பேசித் தீர்க்கலை. புதுக் கட்சி சின்னத்துலயும் அந்தச் சுடரை அடியில சின்னதா ஒட்டிக்கிட்டாங்க, பழைய ஆளுங்க ஓட்டு போயிடக் கூடாதே!

அப்புறம் வெளியுறவு மந்திரி, கீழ்சபை சபாநாயகர்னு பதவிகள். 2010ல பெர்லுஸ்கோனியோட முறிவு. கூடவே மான்டே கார்லோ ஃபிளாட் விவகாரம் வேற பேரைக் கெடுத்துச்சு. 2013 தேர்தல்ல இவர் புதுக் கட்சிக்கு அரை சதவீதம்கூடத் தேறலை, இவரே ஜெயிக்கலை.

இவர் கட்சி இளைஞர் அணியை நடத்தின ஜியார்ஜியா மெலோனி, 2012 கடைசியில தனிக் கட்சி ஆரம்பிச்சு, அந்தச் சுடரைத் திரும்ப எடுத்து வச்சு, 2022ல 26% வாங்கிப் பிரதமராயிட்டாங்க. இனச் சட்டங்கள் வெட்கக்கேடுன்னு அவங்களும் நாடாளுமன்றத்துல சொன்னாங்க. ஆனா அந்தத் தேர்தலுக்கு முன்னாடி, ஆஷ்விட்ஸ் முகாம்ல இருந்து உயிரோட திரும்பின லிலியானா செக்ரே, அந்தச் சுடரை எடுத்துடுங்கன்னு கேட்டப்ப, எடுக்கலை. அந்தச் சின்னத்தோடதான் ஜெயிச்சாங்க.