இரக்கத்தோடு கணக்கும்

2009இல் போர் ஓய்ந்தபின், எமது பங்கில் கணவரை இழந்த பெண்களுக்குத் தையல் இயந்திரங்கள் வழங்கினோம். ஈராண்டுக்குள் பல இயந்திரங்கள் அடைவுக்குப் போயின. அவர்களுக்குத் தைக்கத் தெரியும்; விலை குறிக்கவும் சந்தை தேடவும் வழிகாட்ட எமக்குத்தான் தெரியவில்லை.

குருமடத்தில் மெய்யியலும் இறையியலும் கற்ற நான், நாற்பத்தாறு வயதில் முயற்சியாண்மை கற்க விண்ணப்பித்தது இதனாலேயே. "சுவாமி கடை போடப் போறியளோ?" என்று சிலர் கேட்கின்றனர்.

ஸ்பெயினின் மொன்ட்ராகன் ஊரில் அருட்தந்தை அரிஸ்மென்டியரியெட்டா 1943இல் தொழிற்பள்ளி தொடங்கினார். அவருடைய மாணவர் ஐவர் 1956இல் நிறுவிய ஆலை, தொழிலாளரே உரிமையாளரான கூட்டுறவாக வளர்ந்தது. கல்வியே அங்கு முதலில் வந்தது.

இலாபம் பாவமல்ல, உழைத்தவளைச் சேராத இலாபமே அநீதி. கொடுப்பதற்கு முன் நாமும் கற்போம்.