பையில் போகும் மருந்துப் போத்தல்

வெள்ளவத்தை வீடுகளிலும் கொட்டாஞ்சேனைக் கடைகளிலும் வேலை செய்யும் நம்மவர்கள் லீவில் தோட்டத்துக்குப் போகும்போது, பிள்ளைக்கு உடுப்பு, பிஸ்கட்டோடு ஒரு மருந்துப் போத்தலையும் பையில் வைக்கிறார்கள். "பிள்ளை ஒரேயடியா சொறிஞ்சுகிட்டு இருக்கு" என்று லயத்திலிருந்து போன் வந்திருக்கும். அந்த அக்கறையை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பிள்ளைக்கு முன்பு எப்போதாவது வலிப்பு வந்திருந்தால், அதைச் சொல்லாமல் பாமசியில் வாங்கும் பாணி மருந்து ஆபத்தாகலாம்.

பிரிட்டோன் என்று நாம் சொல்லும் குளோர்பெனிரமின், புரோமெதசின் போன்ற பழைய ஒவ்வாமை மருந்துகள் மூளைக்குள் செல்பவை. தூக்கம் வருவது அதனால்தான். வலிப்பு வரக்கூடிய பிள்ளைக்கு அவை வலிப்பைத் தூண்டவும் கூடும். தென் கொரியாவில் நடந்து 2024இல் வெளியான ஆய்வொன்றில், இவ்வகை மருந்து பெற்ற பிள்ளைகளிடம் வலிப்பு ஆபத்து சுமார் 22 வீதம் கூடியிருந்தது. புரோமெதசினை 2 வயதுக்குக் கீழ் கொடுக்கவே கூடாது, மூச்சு அடங்கிவிடலாம். லொராட்டடின் போன்ற புதியவை மூளைக்குள் குறைவாகவே போகின்றன. ஆனால் புதியவற்றுள் ஒன்றான செட்டிரிசினுக்கும் வலிப்பு நோயாளர் பற்றிய எச்சரிக்கை உண்டு. ஆகவே எதைக் கொடுப்பது என்பதை டாக்டரே சொல்லட்டும்.

லயத்துப் பிள்ளைகளின் கடி பல நேரம் சொறி சிரங்கு. அதற்கு வீட்டார் எல்லாரும் ஒரே நேரத்தில் பூசும் மருந்துதான் தேவை. பாணி மருந்து அதைக் குணமாக்காது. வலிப்புக்குப் புதிதாக மருந்து தொடங்கியபின் தோலில் தடிப்பு வந்தால், அது மருந்தின் கடும் ஒவ்வாமையாக இருக்கலாம். அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

ஆகவே தோழர்களே, பாமசியில் வயதையும் நிறையையும் சொல்லும்போது "வலிப்பு வந்த பிள்ளை" என்றும் சொல்லுங்கள். கிளினிக் கொப்பியைப் போனில் படம் எடுத்து வைத்திருங்கள். பிள்ளை கொழும்பில் இருந்தால் பொரளை சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்குப் போங்கள். அங்கே சிகிச்சை இலவசம். வலிப்பு 5 நிமிடத்துக்கு மேல் நீடித்தால் 1990க்கு அழையுங்கள்.

தோட்டத்தில் ஒரு டாக்டர் இருந்தால் இந்தப் போத்தல் பஸ் ஏறத் தேவையில்லை. தோட்ட வைத்தியசாலைகளை அரசாங்கம் முழுமையாகப் பொறுப்பேற்க வேண்டும்; தகுதியுள்ள டாக்டர்களை நியமிக்க வேண்டும்; மருந்து உறையில் தமிழிலும் எழுத வேண்டும். சம்பளத்துக்காகப் பேசும் அதே குரலில் இதையும் கேட்போம்.