உருகுவதற்கு முன் காட்டிவிட வேண்டுமா?

அண்டார்க்டிகாவுக்குக் குடும்பத்தோடு கப்பலேறுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே காரணத்தைச் சொல்கிறார்கள். பனி உருகிக்கொண்டிருக்கிறது, அது போய்விடுவதற்குள் பிள்ளைகளுக்குக் காட்டிவிட வேண்டும். மரணப்படுக்கையில் இருக்கும் தாத்தாவைப் பேரக்குழந்தைகளுக்குக் காட்ட அழைத்துப்போவது போன்ற ஒரு தொனி இதில் இருக்கிறது. ஆனால் தாத்தாவைப் பார்க்கப் போகிறவர்கள் அவருடைய மூச்சுக்குழாயை மிதித்துக்கொண்டு நிற்பதில்லை.

மிகைப்படுத்தவில்லை. கப்பல்களும் ஆய்வு நிலையங்களும் கக்கும் கரித்துகள் பனியின் மேல் படிந்து அதைக் கருக்கச் செய்கிறது; கருத்த பனி வெயிலை அதிகம் உள்வாங்கி விரைவில் உருகுகிறது. 2016 முதல் 2020 வரையிலான காலத்தில் அங்கே சென்ற ஒவ்வொரு சுற்றுலாப் பயணியின் கணக்கிலும் ஏறத்தாழ 83 டன் பனி இவ்வாறு விரைந்து உருகியதாக, 2022-இல் 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' இதழில் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. நால்வர் கொண்ட குடும்பம் இதை நான்கால் பெருக்கிக்கொள்ளலாம். உஷுவாயா துறைமுகம் வரை பறந்துபோன விமானத்தின் புகை தனி.

யாருமே போகக் கூடாது என்பதல்ல என் கட்சி. போவதற்குச் சொல்லும் காரணம் நேர்மையாக இருக்கட்டும் என்பதுதான். 1966-இல் பயணிகளை அங்கே அழைத்துச் சென்ற லார்ஸ்-எரிக் லிண்ட்பிளாட், பார்த்தவர்கள்தாம் பாதுகாப்பார்கள் என்று நம்பினார். அந்த நம்பிக்கையின் மேல்தான் இன்றுவரை இத்தொழில் நிற்கிறது. திரும்பி வருகிறவர்கள் அண்டார்க்டிகாவின் தூதர்களாம். 1990களின் தொடக்கத்தில் ஆண்டுக்குச் சில ஆயிரம் பேர் போனார்கள். 2023-24 பருவத்தில் ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கும் மேல். இத்தனை தூதர்கள் ஊர் திரும்பிய பின்பும் பனி தன் பாட்டுக்கு உருகிக்கொண்டுதான் இருக்கிறது. பெரியவர்களால் செய்ய முடியாததை இனிப் பத்து வயதுப் பிள்ளை செய்ய வேண்டும் என்று எதிர்பார்ப்பதில் எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லை. அழகான ஒன்றை அப்போதுதான் முதன்முறையாகக் கண்டு வாய்பிளந்து நிற்கும் குழந்தையிடம், இது சாகப் போகிறது, காப்பாற்ற வேண்டியது நீ என்று சொல்வதைக் கல்வி என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

துருவத்தில் குழந்தைகளைப் பெரியவர்கள் தங்கள் காரியத்துக்குப் பயன்படுத்துவது புதிதுமல்ல. 1978 ஜனவரியில் எஸ்பெரான்ஸா தளத்தில் எமீலியோ பால்மா பிறந்தான்; அண்டார்க்டிக் பெருநிலத்தில் பிறந்ததாகப் பதிவான முதல் குழந்தை. அவன் தாய் நிறைமாதத்தை நெருங்குகையில் அங்கே கொண்டுசெல்லப்பட்டதற்குக் காரணம், அந்நிலத்தின் மீது அர்ஜென்டினா கொண்டாடிய உரிமை. அவன் அழுகையே ஒரு கொடி. மறுதுருவத்திலோ கதை இதைவிடக் கொடுமையானது. 1893-இல் கிரீன்லாந்தில் பிறந்த ராபர்ட் பியரியின் மகள் 'பனிக்குழந்தை' என்று புகழ்பெற்றாள். நான்கே ஆண்டுகள் கழித்து அதே பியரி, ஆறு இனுய்ட் மக்களைக் கப்பலேற்றி நியூயார்க் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுவந்தார். அவர்களில் ஒருவன் மினிக் என்ற சிறுவன். சில மாதங்களுக்குள் அவன் தந்தை உட்பட நால்வர் நோயில் இறந்தார்கள். தந்தையைப் புதைத்ததாக அவன் முன்னே ஒரு போலிச் சடங்கு நடத்தப்பட்டது. எலும்புகள் அருங்காட்சியகத்தில் இருப்பது பின்னால்தான் அவனுக்குத் தெரிந்தது. அவை கிரீன்லாந்து திரும்பியது 1993-இல். கிரீன்லாந்துக் கடற்கரைக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள் பனிக்கரடிக் கதைகளோடு, கேட்கும் வயது வந்த பிள்ளைக்கு மினிக்கின் கதையையும் சொல்லலாம். ஆர்க்டிக் வெறும் காட்சிப்பொருள் அல்ல, அங்கே பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள் என்பதாவது தெரியும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, இப்பயணத்தில் ஒரு குழந்தைக்கு உண்மையில் கிடைக்கக்கூடியது ஒன்று உண்டு என்றும் நினைக்கிறேன். அது விளம்பரத்தில் வராது. அது கரையிறங்கும் விதிகளில் இருக்கிறது. இறங்குவதற்கு முன் காலணிகளைத் தேய்த்துக் கிருமிநாசினியில் முக்க வேண்டும். சட்டைப்பை மடிப்புகளில் விதைகள் ஒட்டியிருக்கின்றனவா என்று துழாவிச் சுத்தம் செய்ய வேண்டும். ஓரிடத்தில் ஒரே நேரத்தில் நூறு பயணிகளுக்கு மேல் கரையில் இருக்கக் கூடாது. பென்குயினிடமிருந்து ஐந்து மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். அது குறுக்கே வந்தால் வழிவிட வேண்டியவர் நாம். ஒரு கூழாங்கல்லைக்கூட எடுத்துவர முடியாது. ஜென்டூ பென்குயின் கூடு கட்டுவதே அக்கற்களால்தான். 2023-இல் பறவைக் காய்ச்சல் அப்பகுதியை எட்டிய பிறகு, விலங்குகள் நடமாடும் இடங்களுக்கு அருகே பனியில் உட்காரவும் மண்டியிடவும்கூடத் தடை. பனியைக் கண்டதும் உருண்டு புரளத் துடிக்கும் பிள்ளைக்கு இதைவிடக் கடினமான விதி எதுவும் இருக்க முடியாது.

வீட்டிலும் கேளிக்கைப் பூங்காவிலும் எல்லாமே குழந்தையை நடுவில் வைத்துச் சுழல்கின்றன. இங்கே அலகில் கல்லைக் கவ்விக்கொண்டு ஒரு பறவை அதைத் திரும்பிப் பார்க்காமலே கடந்து போகிறது. தனக்காக அமைக்கப்படாத ஓர் உலகம் இருக்கிறது, அதில் தான் கை கட்டி நிற்கும் விருந்தாளி என்பதை உணர அந்தச் சில நிமிடங்கள் போதும். அதற்காகத்தான் போகிறோம் என்று சொல்கிற பெற்றோரோடு எனக்குச் சண்டையில்லை.

இந்த விதிகளைப் புரிந்துகொள்ளும் வயது வேண்டும் என்பது இதிலிருந்தே விளங்கும். ஐந்து வயதுப் பிள்ளைக்கு ட்ரேக் நீரிணையின் இரண்டு நாள் குலுக்கல் தேவையில்லை. பெரிய மருத்துவமனை கடலுக்கு அப்பால்தான். 1969-இல் லிண்ட்பிளாட் இத்தகைய பயணங்களுக்கென்றே கட்டுவித்த 'எக்ஸ்ப்ளோரர்' கப்பல்தான் 2007 நவம்பரில் பனிக்கட்டியில் மோதி அங்கே மூழ்கியது. உள்ளே இருந்த 154 பேரும் சில மணி நேரம் படகுகளில் காத்திருந்து உயிர் தப்பினார்கள். உதவிக்கு வேறு கப்பல்கள் எட்டும் தூரத்தில் இருந்தன. இன்னொன்று: ஐந்நூறு பயணிகளுக்கு மேல் ஏற்றிச் செல்லும் கப்பல்கள் அங்கே யாரையும் கரையிறக்க முடியாது. மலிவாகக் கிடைக்கிறதே என்று அதில் ஏறினால் பிள்ளைக்குக் கிடைப்பது கண்ணாடி வழியாக ஒரு பனிப்படம். அதை வீட்டுத் தொலைக்காட்சியிலேயே பார்க்கலாம்.

திரும்பி வந்ததும் பிள்ளையைப் பள்ளி மேடையேற்றிப் புவி வெப்பமடைதல் பற்றிப் பேசச் சொல்லாதிருங்கள். ட்ரேக்கில் யார் யார் எத்தனை முறை வாந்தி எடுத்தார்கள் என்பதைத்தான் அது முதலில் சொல்லும். பிறகு பென்குயின் எச்சத்தின் நாற்றத்தைப் பற்றிச் சொல்லும். சொல்லட்டும்.