‘மூலம்’ என்று எழுதும் முன்

பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் உலகில் மூன்றாவது அதிகம் காணப்படும் புற்றுநோய். 2022-இல் 19 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு இது புதிதாகக் கண்டறியப்பட்டது. 9 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். இந்தியாவில் இதன் நிகழ்வு விகிதம் மேலை நாடுகளைவிட மிகக் குறைவு. ஆனால் இங்கு வரும் நோயாளிகளில் இளவயதினர் அதிகம்; கட்டி பெரும்பாலும் மலக்குடலில் இருக்கிறது; நோயும் பலருக்கு முற்றிவிட்டிருக்கிறது. அதனால் மேலை நாட்டுப் பாடநூல்களின் ஆபத்துக் காரணிப் பட்டியலைத் தர்மபுரி மாவட்டப் பாலக்கோடு வட்டத்துப் புறநோயாளிப் பிரிவில் அப்படியே பொருத்த முடியாது.

உணவில் தொடங்கலாம். பதப்படுத்திய இறைச்சியைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-இல் உறுதியான புற்றுநோய்க் காரணியாக வகைப்படுத்தியது; நாள்தோறும் 50 கிராம் உண்பவருக்கு ஆபத்து சுமார் 18% கூடுகிறது. பாலக்கோட்டுக் கிராமங்களில் அந்த வகை இறைச்சி தட்டுக்கு வருவது அரிது. இங்கு கவனிக்க வேண்டியது தட்டிலிருந்து விலகிப்போன கேழ்வரகு. 100 கிராம் கேழ்வரகில் நார்ச்சத்து சுமார் 11 கிராம்; கால்சியம் 340 மில்லிகிராமுக்கு மேல். தீட்டிய அரிசியில் நார்ச்சத்து 3 கிராமைத் தொடுவதில்லை. முழுத்தானியம், நார்ச்சத்து, கால்சியம் மூன்றும் இந்நோயின் ஆபத்தைக் குறைப்பவை. களியும் கூழும் ஏழையின் சாப்பாடு என்று ஒதுக்கப்பட்டு, மூன்று வேளையும் சோறும் இட்லியுமாக ஆன வீட்டில் இந்தப் பாதுகாப்பு சத்தமின்றிக் குறைந்துவிடுகிறது.

உடலுழைப்பு பெருங்குடல் புற்றின் ஆபத்தைத் தெளிவாகக் குறைக்கிறது. மலக்குடல் புற்றில் அதற்கு அதே அளவு சான்று இல்லை. உடல் பருமனின் தாக்கமும் பெருங்குடலிலேயே வலுவானது. ஆகவே காட்டுவேலை செய்யும் ஒல்லியான மனிதர் என்பதற்காக அவருடைய இரத்தப்போக்கைச் சாதாரணமாக எண்ணுவது பிழை. மது, புகை இரண்டும் உறுதியான காரணிகள், பீடியும் புகைதான். இரண்டாம் வகை நீரிழிவு தனியாகவே ஆபத்தைக் கூட்டுகிறது. இந்தியாவில் வயது வந்தோரில் 11.4% பேருக்கு நீரிழிவு இருப்பதாக 2023-இல் வெளியான ஐசிஎம்ஆர்-இண்டியாப் (ICMR-INDIAB) ஆய்வு காட்டியதால், இதைச் சிறிய காரணியாகக் கருத முடியாது.

நீண்டகாலக் குடல் அழற்சி நோய், முன்பு அகற்றப்பட்ட அடினோமா ஆகியவை மருத்துவர் அறிந்தவையே. குடும்ப வரலாற்றைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். பெற்றோர், உடன்பிறந்தார், பிள்ளைகளில் ஒருவருக்கு நோய் இருந்தால் ஆபத்து ஏறக்குறைய இரட்டிப்பாகும். லிஞ்ச் நோய்க்குறி தலைமுறை தலைமுறையாகத் தெரியும். அதே குடும்பத்தில் கருப்பை உள்சவ்வுப் புற்றும் வரும் என்பதால், அம்மாவுக்கு ‘கர்ப்பப்பை ஆபரேஷன்’ எதற்காக நடந்தது என்று கேட்க வேண்டும். மியூட்டிஒய்எச் மரபணுக் கோளாறு வேறு விதமானது. இது ஒடுங்கு பண்பாகக் கடத்தப்படுவதால் பெற்றோர் நலமாக இருக்க, அண்ணன் தங்கைகளுக்கு மட்டும் நோய் வரலாம். அக்காள் மகளையும் மாமன் மகளையும் மணக்கும் வழக்கமுள்ள மாவட்டத்தில், அப்பா அம்மாவுக்கு இருந்ததா என்று கேட்பதோடு நிறுத்தினால் வரலாறு பாதிதான் கிடைக்கும்.

இத்தனை காரணிகளை அறிந்திருப்பதையும் பயனற்றதாக்குவது ‘மூலம்’ என்ற ஒற்றைச் சொல். மலத்தில் இரத்தம் போனால் நோயாளி அதை ‘சூடு’ என்கிறார். மருந்துக்கடையில் களிம்பு வாங்குகிறார். சில நேரம் மருத்துவரும் விரலால் பரிசோதிக்காமலேயே மூலம் என்று எழுதிவிடுகிறார். மலக்குடலின் கீழ்ப்பகுதிக் கட்டி கையுறை அணிந்த விரலுக்கு எட்டும். அந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம் போதும். மூலம் இருப்பது உறுதியானாலும் மேலே கட்டி இல்லை என்று அதற்குப் பொருளில்லை. ஆண்களிடமும் மாதவிடாய் நின்ற பெண்களிடமும் காணும் இரும்புச்சத்துக் குறைபாட்டுச் சோகையைப் புழுவின் மேல் போட்டு மாத்திரை கொடுத்து அனுப்புவதும் இதே வகைத் தவறு.

நிகழ்வு குறைந்த பகுதியில் எல்லோருக்கும் கொலனோஸ்கோபி செய்வது சாத்தியமில்லை, தேவையுமில்லை. தேசியப் பரிசோதனைத் திட்டம் வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூன்றையே உள்ளடக்கியது. ஆனால் 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை மாத்திரையோடு வீடு தேடிச் செல்லும் பெண் தன்னார்வலர் இரண்டு கேள்விகளைக் கூடுதலாகக் கேட்கலாம்: மலத்தில் இரத்தம் போகிறதா, கூடப் பிறந்தவர் யாருக்காவது குடலில் கட்டி இருந்ததா. ‘ஆம்’ என்பவரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் விரலால் பரிசோதித்து, ஹீமோகுளோபின் பார்த்து, வயது முப்பதே ஆனாலும் தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கடிதத்துடன் அனுப்ப வேண்டும். அந்தக் கடிதத்தில் இரத்தப்போக்கு எத்தனை மாதமாக இருக்கிறது என்பதும் விரல் சோதனையில் கண்டதும் இடம்பெற வேண்டும்.